ஐ5 தானே, ஓடாதா?

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. ஸ்கூல் ஸ்வெட்டரோடு ஒரு பையன், கையில் லேப்டாப். "அண்ணா, ஐ5 தானே? ஜிடிஏ 5 கேம் ஓடும்ல?"

கடைக்காரர் ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம்.

ப்ராசஸர் இன்டெல் ஐ5-8250யு. எட்டாம் தலைமுறை, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ரகம். (வெறும் "ஐ5" என்பது இனிஷியல் இல்லாத பெயர் மாதிரி.)

மெமரி, அதாவது ரேம், 8 ஜிபி. அதன் கீழே சின்ன எழுத்தில், 2 ஸ்லாட்டில் 1.

விஷயம் அந்த வரியில்தான்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் ரேமிலிருந்தே கடன் வாங்கிப் படம் காட்டுகிறது. ஒற்றை ரேம் என்றால் ஒற்றையடிப் பாதை. இன்னொரு 8 ஜிபி போட்டால் பாதை இரண்டாகும், நொடிக்கு எத்தனை படம் என்கிற பிரேமும் கூடும். டிடிஆர்4 ரக ரேம் ஸ்லாட்டில் டிடிஆர்5 ரேம் ஏறாது, பார்த்து வாங்கணும்.

அந்த கேமின் பழைய (லெகசி) பதிப்பு கேட்பது குறைந்தது 4 ஜிபி ரேம்தான். ஆனால் ஹார்டு டிஸ்கில் 100 ஜிபிக்கு மேல் காலியாக வேண்டும். பையனிடம் இருந்தது 31.

"இடத்தைக் காலி பண்ணிட்டு, 720பி ரெசல்யூஷன், எல்லா செட்டிங்கும் கீழ வெச்சா ஓடும். ஆனா குளிருதுன்னு கம்பளி மேல வெச்சு ஆடாதே. அடியில காத்துப் போற ஓட்டை அடைஞ்சா சூடேறி, பத்தே நிமிஷத்துல திக்கும்."