படுத்துக் கிடந்த பிடிஎஃப்

எங்கள் ஊர் அரசுப் பள்ளி வாசலில் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஒன்று நிற்கிறது. மத்திய அரசு நிறுவனம் ஒன்று சி.எஸ்.ஆர். நிதியில், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தில், வைத்துக் கொடுத்தது. உபயம் எழுதிய பலகை பளிச்சென்று இருந்தது. குழாயில்தான் தண்ணீர் வரவில்லை. யார் பழுது பார்ப்பது என்று கேட்டால் தலைமையாசிரியர் ஊராட்சியைக் கை காட்டினார், ஊராட்சிச் செயலர் நிறுவனத்தைக் கை காட்டினார்.

சரி, நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும் என்று தேடினேன். அரசுக்குச் சொந்தமான நிறுவனமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருவதுதான். யாரும் கேட்காமலே 17 தலைப்புகளில் தகவல் வெளியிட வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4(1)(பி). ஊழியர் சம்பளம், பட்ஜெட், பொதுத் தகவல் அலுவலரின் பெயர் எல்லாம் அதில் அடக்கம். கொள்முதல் விவரங்களையும் போடச் சொல்லி 2013 ஏப்ரலில் மத்தியப் பணியாளர் துறை வழிகாட்டுதல் கொடுத்தது. சி.எஸ்.ஆர். திட்டங்களுக்குக் கம்பெனிச் சட்ட விதி தனியாக இருக்கிறது; இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களை இணையதளத்தில் காட்ட வேண்டும்.

பக்கம் இருக்கத்தான் செய்தது. திறந்தால் பக்கவாட்டில் ஸ்கேன் செய்த பிடிஎஃப். கழுத்தைச் சாய்த்துப் படித்தேன். அதிலிருந்த தகவல் அலுவலருக்குப் போன் செய்தால், எடுத்தவர் "சார் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார். சி.எஸ்.ஆர். பட்டியலில் "குடிநீர் வசதி, பல கிராமங்கள்" என்று ஒரே வரி.

10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து மனு போட்டேன், தமிழிலேயே. அந்தப் பகுதியின் ஆட்சி மொழியில் எழுதப் பிரிவு 6 இடம் தருகிறது. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்த தப்பு, "இத்திட்டம் தொடர்பான முழு விவரமும் தருக" என்று எழுதியது. அப்படிக் கேட்டால் எதைத் தருவது என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். 29-ஆம் நாள் பதில் வந்தது: விவரங்கள் இணையதளத்தில் உள்ளன, ஒப்பந்த ஆவணங்கள் வணிக ரகசியம் என்பதால் பிரிவு 8(1)(டி)-யின்படி தர இயலாது. கீழே ஒரு லிங்க். தட்டினால் "பக்கம் கிடைக்கவில்லை".

30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மேல்முறையீட்டில் புதுக் கேள்வி சேர்த்தால் எடுபடாது, கேட்டதைச் சுருக்கிக்கொள்ளலாம். மூன்று தாள் போதும் என்று எழுதினேன்: பணி ஆணை, பராமரிப்பு நிபந்தனை உள்ள பக்கம், பள்ளியில் ஒப்படைத்த கடிதம். வேலை முடிந்து பணமும் பட்டுவாடா ஆன பிறகு இதில் என்ன வணிக ரகசியம் என்றும் கேட்டேன். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது. பிரிவு 19(5) அப்படித்தான் சொல்கிறது. திறக்காத பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை, தேதி தெரிய, பிரிண்ட் எடுத்து இணைத்தேன்.

விசாரணை பத்து நிமிடம்கூட இல்லை. மேல்முறையீட்டு அதிகாரி என் தாளை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரிலேயே அந்த லிங்க்கைத் தட்டினார். அதே வாசகம். இன்னொரு தரம் தட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த தகவல் அலுவலரைப் பார்த்து, "ஃபைலைக் காட்டிடுங்க" என்றார்.

ஆவணங்களைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. எனக்கு அரை மணியே போதுமாக இருந்தது. ஒப்படைப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது விஷயம்: மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு, அதன் பிறகு ஊராட்சி. கீழே எங்கள் ஊராட்சி முத்திரை. மூன்று ஆண்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆறு பக்க நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 12 ரூபாய் கட்டி வாங்கினேன்.

நகலைப் பார்த்த செயலர், "இது எனக்கு முன்னாடி இருந்தவர் போட்ட கையெழுத்து" என்றார். ஆனாலும் அன்றைக்கே நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார். ஒப்பந்ததாரரின் ஆள் வந்து ஃபில்டரையும் மோட்டாரையும் மாற்றிவிட்டுப் போனார்.

போன வாரம் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். தகவல் அலுவலர் பெயரை மாற்றிவிட்டார்கள். பிடிஎஃப் இன்னும் படுத்தேதான் கிடக்கிறது.