கோத்தகிரியிலிருந்து கோவைக்கு டாக்டரைப் பார்க்கப் போகுமுன்

மூன்று மணி நேரம் மலை இறங்கிப் போய் கவுன்டரில் நின்றால், “டாக்டர் இன்னைக்கு லீவு, போன வாரமே சொல்லிட்டாரே” என்கிறார்கள். யாரிடம் சொன்னார்? நாங்கள் கொடுத்த போன் நம்பர் அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. முட்டி வலியோடு பஸ்ஸில் வந்த அம்மாவிடம், “வேற டாக்டரைப் பாக்கறீங்களா?” என்று கேட்டதோடு அவர்கள் வேலை முடிந்தது.

கோவையிலேயே இருப்பவர்களுக்கு இது அரை நாள் வீண். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் கூலி, பஸ் காசு, உடம்பு அலுப்பு எல்லாம் சேர்ந்து போகிறது. அதனால் மலையிலேயே முடிக்கக்கூடியதை மலையிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் போன். முந்தின நாள் மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள். பொது நம்பரை எடுப்பவர் எதைக் கேட்டாலும் “வாங்க” என்றுதான் சொல்வார். அந்த டாக்டரின் ஓ.பி. கவுன்டருக்கு லைன் கேட்டு வாங்கி மூன்று விஷயம் கேளுங்கள்: நாளைக்கு வருகிறாரா, எத்தனை மணி வரை பார்ப்பார், வெளி லேப் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்வாரா. பதில் சொன்னவர் பெயரையும் கேட்டுக் குறித்து வையுங்கள். கவுன்டரில் அந்தப் பெயரைச் சொன்னாலே பேச்சு மாறும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சுகர் டெஸ்டைக் கீழே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் கணக்கு உதைக்கும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் விடியற்காலை பஸ் பிடித்து லேப்பில் கை நீட்டும்போது மணி ஒன்பது. பதிமூன்று மணி நேரம் வெறும் வயிறு! வெறும் வயிற்று சுகருக்கு எட்டு மணி நேரமே போதும். சுகர் மருந்தில் இருக்கும் வயதானவர்களுக்கு அதற்கு மேல் நீளும் பட்டினி ஆபத்தாகலாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியும் வந்தால் இன்னும் மோசம். அடுத்து சாப்பிட்ட பின் எடுக்கும் சுகர். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. ஒன்பதரைக்கு இட்லி என்றால் பதினொன்றரைக்கு ரத்தம், ரிப்போர்ட் வர இன்னும் ஒரு மணி நேரம். ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிவிடுவார்.

வெளி ரிப்போர்ட் போதும் என்றால் இரண்டு நாள் முன்பே உள்ளூர் லேப்பில் எடுத்துவிடுங்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத டீகூட வேண்டாம். காலையில் போடும் சுகர் மாத்திரை, சாப்பாட்டுக்கான இன்சுலின் எல்லாம் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில்தான். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. டெஸ்ட் என்று சொல்லி அதை விட்டுவிட்டு வந்து பிரஷர் ஏறி நிற்பவர்கள் நிறைய. தைராய்டுக்கு அன்றைய மாத்திரை போடுமுன் ரத்தம் கொடுங்கள். மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி.க்குப் பட்டினியே தேவையில்லை.

இதையெல்லாம்விடக் கவனம் வேண்டியது மருந்துப் பையில். பழைய சீட்டு போதாது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் அப்படியே அள்ளிக்கொண்டு போங்கள். காரணம் இருக்கிறது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் ஒரு பக்கம், கோவை டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு பக்கம். கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு. அதனால் இரண்டும் வேறு வேறு மருந்து என்று இரண்டையும் போடுகிறார்கள். கோவை டாக்டர் எழுதிய அட்டையின் பின்புறம் பொடி எழுத்தைப் படித்தால் கிளிமிபிரைடு (இன்னொரு சுகர் மருந்து), அதோடு மெட்ஃபார்மின் என்று இருக்கும். ஒரே மருந்து இரண்டு மடங்கு உள்ளே போகிறது. பிரஷருக்கான அம்லோடிபினும் இப்படித்தான். கால் வீக்கத்துக்கு அது காரணமாக இருக்கலாம் என்று தெரியாமல் வீக்கத்துக்குத் தனி மாத்திரை வாங்குபவர்களும் உண்டு.

இன்னொரு தொல்லை கத்தரி. ஐந்து மாத்திரை கேட்டால் மெடிக்கலில் அட்டையை வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அந்தப் பக்கத் துண்டோடு போய்விடும். பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையையும் லேகியத்தையும் மறைக்காதீர்கள். வலி மாத்திரைகள் பலவும் கிட்னியைப் பாதிக்கும். சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

வீட்டில் எடுத்த பிரஷர் கணக்கு கையில் இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. ஒரு வாரம், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பதிய, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் முக்கியமானது ஸ்வெட்டர். கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அந்தச் சுருட்டலே கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். கழற்றிவிட்டுத்தான் பட்டை கட்ட வேண்டும். மார்கழிக் காலையில் சுகர் மெஷின் ‘எரர்’ காட்டினால் உடனே கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். பல மெஷின்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, வெந்நீரில் கை கழுவி நன்றாகத் துடைத்துக் குத்துங்கள். சில்லிட்ட விரலைப் பிழிந்தெடுத்த சொட்டை நம்ப முடியாது.

இன்சுலின் பேனாவைக் கைப்பையில் வையுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டினாலே வெயில் மாறிவிடும், கார் முன்கண்ணாடி ஓரம் அடுப்பு. அதற்காக ஐஸ் மேலேயே வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

காகிதங்களில் ஆதார், பழைய ஃபைல், ரெஃபர் லெட்டர் எல்லாம் தெரிந்ததே. ஸ்கேன் என்றால் ரிப்போர்ட் தாளோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். படம் இல்லை என்று திரும்ப எடுக்கச் சொன்னால் செலவு நம் தலையில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) அட்மிஷனுக்கும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும்தான், ஓ.பி. கட்டணத்துக்கு அல்ல. அது தேவைப்படும் என்றால் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஒரு இனிஷியல் மாறியிருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பும் கவுன்டர்கள் உண்டு. சந்தேகத்துக்கு 1800 425 3993.

டாக்டர் அறையில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. முக்கியமான தொந்தரவை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. எழுந்து கதவருகே போய் “அப்புறம் டாக்டர், நெஞ்சு லேசா...” என்று ஆரம்பிப்பதுதான் நம் பெரியவர்களின் வழக்கம், முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

வெளியே வருமுன், அடுத்த முறை என்னென்ன டெஸ்ட் எடுத்து வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மருந்தின் மூலப்பெயரையும் (கம்பெனிப் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதச் சொன்னால் மலையில் இருக்கும் கடைகளிலும் கேட்டு வாங்க வசதி. அடுத்த தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால், மண் சரிந்து ரோடு அடைபட்டால் போனில் தேதி மாற்றுவார்களா, அதுவரை மாத்திரையைத் தொடரலாமா என்றும் கேளுங்கள். ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே வாங்கி வைத்துவிடுங்கள்.