எடைமேடை புரோகிராமுக்கு ஒரே மேக்ஃபைல்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில். நெல் லாரியின் எடையை எடைமேடையிலிருந்து சீரியல் கேபிள் வழியாகப் படித்துப் பதிவு செய்யும் சின்ன சி புரோகிராம் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. மில்லில் உபுண்டு லினக்ஸ், முதலாளியின் மகனிடம் மேக்புக், கும்பகோணத்தில் என்னிடம் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்.

புரோகிராமைக் கட்டும் விதிகளை மேக் என்ற கருவிக்குச் சொல்வது மேக்ஃபைல். முன்பு எழுதியவர் அது முழுக்க இஃப்ஈக்யூ என்ற நிபந்தனை வரி போட்டு, சிஸ்டத்துக்கு ஒரு கிளை வளர்த்திருந்தார். உபுண்டுவிலும் மேக்புக்கிலும் இருக்கும் குனு மேக்குக்கு மட்டுமே அது புரியும். ஃப்ரீபிஎஸ்டியின் மேக் முதல் இஃப்ஈக்யூவிலேயே படுத்துவிட்டது. "ஜிமேக் போட்டுக்குங்க தம்பி" என்றார் அவர். ஃப்ரீபிஎஸ்டியில் குனு மேக்கின் பெயர் அது. போடலாம்தான், ஆனால் மில்லுக்கு மில் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஷெல்லை ஓட்டி மதிப்பு வாங்கும் '!=' இரண்டு மேக்குக்கும் பொது என்று பார்த்தால், குனுவில் அது 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்துதான். மேக்புக்கோடு வருவது 2006-ஆம் ஆண்டின் 3.81.

சரி, சிஸ்டத்தில் என்ன இருக்கிறது என்று கேள்வி கேட்கிற வேலையே மேக்ஃபைலுக்கு வேண்டாம் என்று கான்ஃபிகர் என்ற பெயரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். இப்படிப்பட்ட ஸ்கிரிப்டைத் தானே உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் இதற்கு ரொம்பப் பெரிசு. அது உருவாக்கும் ஸ்கிரிப்ட் என் புரோகிராமைவிட நீளம். என் ஸ்கிரிப்ட் சிஸ்டத்தின் பெயரையே கேட்காது. சீரியல் போர்ட்டில் வருவதை மாற்றாமல் அப்படியே படிக்க அமைத்துத் தரும் சிஎஃப்மேக்ரா ஃபங்ஷனைக் கூப்பிடும் குட்டி சி ஃபைலை எழுதி, கம்பைல், லிங்க் செய்து பார்க்கும். தேறினால் கான்ஃபிக்.எம்கே ஃபைலில் ஒரு வரி சேரும். தேறாவிட்டால், சி தரத்துக்கு வெளியே உள்ள ஃபங்ஷன்களையும் காட்டச் சொல்லும் டிஃபால்ட் சோர்ஸ் மேக்ரோவோடு இன்னொரு தடவை. உபுண்டுவில் சி மொழியின் சி99 தரத்தைக் கேட்டால் இரண்டாவதுதான் தேறும், ஏனென்றால் அந்த மேக்ரோ இல்லாமல் அங்குள்ள சி லைப்ரரியான ஜிலிப்சி அந்த ஃபங்ஷனை அறிவிப்பதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அறிவிக்காத ஃபங்ஷனைப் பழைய ஜிசிசி கம்பைலர் வெறும் வார்னிங்கோடு விட்டுவிடும். 14-ஆம் பதிப்பில்தான் அது எரர் ஆனது. அதனால் சோதனையில் மட்டும் அந்த வார்னிங்கை எரராக மாற்றிவிட்டேன். இல்லையென்றால் எல்லாமே தேறிவிடும்!

சீரியல் போர்ட்டின் பெயரும் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். அதை பில்டில் கலக்காமல், ஓட்டும்போது கொடுக்கும் ஆர்க்யுமென்ட் ஆக்கினேன்.

மேக்ஃபைல் இப்போது ஒரு திரைக்குள் அடங்குகிறது. கான்ஃபிக்.எம்கேயை இன்க்ளூட் செய்கிறது, மற்றதெல்லாம் சாதாரண விதிகள். அதை வாட்ஸ்அப்பில் டெக்ஸ்டாக அனுப்பி, மேக்ஃபைலுக்குக் கட்டாயமான டேப்பெல்லாம் ஸ்பேஸாகிப்போனது தனிக் கூத்து. அப்புறம் டார் ஃபைலாகத்தான் அனுப்புகிறேன்.

அடுத்து மில்லில் ராஸ்பெரி பை என்ற ஆர்ம் சிப் குட்டிக் கணினி வைக்கப் போகிறார்கள். சோதனை எதுவும் தான் கட்டியதை ஓட்டிப் பார்ப்பதில்லை என்பதால், கம்பைலரை மட்டும் ஆர்முக்கு மாற்றிக் கொடுத்து என் கணினியிலேயே கட்டிவிடலாம்.