இரண்டு பேருக்கு மட்டும்

சென்னைக்காரர்களுக்குக் கடல் விற்பது கொஞ்சம் வேடிக்கையான தொழில்தான். மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று ஊர் நெடுகப் பைசா செலவில்லாமல் கடற்கரை கிடக்கிறது. ஆனாலும் தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் டிராவல்ஸுக்கு மூச்சு வாங்கப் படியேறி வந்து, பெரிய தொகையைக் கொடுத்து, வேறொரு கடலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் நீலமாக இருக்கும், மணல் மாவு போல இருக்கும் என்பதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கரை என்பதற்குத்தான் அவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

மெரினாவில் உச்சி வெயிலில், கரையேற்றி வைத்த படகுகளின் நிழலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஜோடிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் யாரும் கடற்கரைக்கு வர மாட்டார்கள். அதனால்தான் அவர்கள் வருகிறார்கள். கல்யாணம் ஆன பிறகும் இந்தத் தேவை தீர்ந்துவிடுவதில்லை. மாம்பலத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டில் மாமனார், மாமியார், படிக்கும் மைத்துனர் என்று குடும்பம் இருக்கும்போது, புதுசாக வந்த பெண் புருஷனோடு சத்தமாகச் சிரிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து ராத்திரிகளைத்தான் நான் பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்கிறேன்.

எங்கள் அலுவலகச் சுவரில் முகூர்த்த நாள் போட்ட தினசரி காலண்டர் தொங்குகிறது. கடலுக்கென்று தனியாக ஒரு காலண்டர் என் தலைக்குள் இருக்கிறது. இரண்டும் எல்லா மாதமும் ஒத்துப்போவதில்லை. தை, மாசியில் தாலி கட்டியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அப்போது அந்தமான் கடல் அடங்கியிருக்கும், ஃபெர்ரிகள் நேரத்துக்கு ஓடும். வைகாசி, ஆனிக் கல்யாணங்கள்தான் தலைவலி. தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடும். ஆனியில் கல்யாணம் என்றால் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். "ஆடி பொறந்தா பொண்ணை அழைச்சுட்டுப் போயிடுவோம், அதுக்குள்ள போயிட்டு வந்துடணும்" என்று பெண்ணின் அம்மா கண்டிப்பாகச் சொல்லுவார். மாதம் முழுக்கப் பிரித்து வைக்கும் வழக்கம் இப்போது பல வீடுகளில் இல்லை. ஆனால் கெடு வைப்பதற்கு ஆடி இன்னும் நன்றாகவே உதவுகிறது. அப்படி வருகிறவர்களை நான் பாலி பக்கம் திருப்பிவிடுவேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே மழை குறைவு. உடனே பாஸ்போர்ட் பிரச்சினை வரும். பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும், டிக்கெட்டிலும் அப்படியேதான் போட வேண்டும். "இன்னும் ஏன் அவங்க அப்பா பேரு?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் முகம் சுளிப்பார். விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிக்குக் கல்யாணப் பத்திரிகை தேவைப்படாது, பாஸ்போர்ட்தான் தேவை என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

என் மேஜைக்கு முன்னால் பெரும்பாலும் நான்கைந்து பேர் உட்காருவார்கள். போகப்போகிற இருவர்தான் குறைவாகப் பேசுவார்கள். பணம் தருகிறவர் மாமனாராக இருந்தால், கொடுத்த காசுக்கு எல்லா இடமும் பார்த்துவிட வேண்டும் என்பார். காலையில் ஒரு தீவு, மத்தியானம் ஒரு தீவு, சாயங்காலம் கண்ணாடிப் படகு. அந்தப் பெண் ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வாட்ஸப்பில் எழுதுவாள். "அக்கா, தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா? காரணம் கேட்காதீங்க." நான் கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும். ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தார், அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போன் செய்து, அந்த வாரம் ஃபெர்ரியில் இடமில்லை என்று நானே சொல்லிவிடுவேன். பெண் ஒருத்தி இந்த மேஜையில் உட்காருவதில் இருக்கும் உபயோகம் இது.

அந்தமான் பேக்கேஜில் எனக்கு ஆகாத ஒரு சமாச்சாரம் உண்டு. காலை விமானத்தில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கேட்கிறவர்கள் இன்னும் பழைய பெயரில்தான் கேட்கிறார்கள். இறங்கியவுடன் முதல் நாள் சாயங்காலமே செல்லுலார் ஜெயில், ஒலி ஒளிக் காட்சி. எல்லா ஏஜென்சியும் அப்படித்தான் போடுகிறது, தேனிலவு என்றாலும் அதே வரிசைதான். பார்க்கவே கூடாத இடம் என்று சொல்லவில்லை, கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். மையக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகளாகக் கட்டிய சிறை, இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் பின்புறத்தைப் பார்த்தபடி இருக்கும், ஒரு கைதி இன்னொருவர் முகத்தைக்கூடப் பார்த்துவிடக் கூடாதென்று. தனிமை தேடி வந்த இரண்டு பேரை முதல் நாளே தனிமையைத் தண்டனையாகக் கொடுத்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். நான் அதைத் திரும்பி வரும் நாளுக்கு மாற்றிப் போடுவேன். முதல் நாள் சாயங்காலம் சும்மா இருக்கட்டும்.

சும்மா இருக்கட்டும் என்றால் மாமனார்களுக்குப் புரிவதில்லை. "அந்த ஸ்லாட் காலியா இருக்கே?"

சூரியன் விஷயமும் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று. அந்தமான் சென்னைக்கு நல்ல கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் அதே இந்திய நேரம்தான். டிசம்பரில் அங்கே ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், சென்னையில் அதற்கப்புறமும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் இருக்கும். நம் ஆட்கள் எட்டரைக்கு எழுந்து, பத்துக்குப் பூரி சாப்பிட்டு, பதினொன்றுக்குக் கிளம்பி, பகலே போதவில்லை என்று குறைபடுவார்கள். ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து அதற்குத் தனி மவுசு. எல்லா வண்டிகளும் சூரிய அஸ்தமனத்துக்கு அங்கேதான் ஆட்களை இறக்கும். சீசனில் அந்த நேரத்தில் ராதாநகர், தீபாவளிக்கு முந்தைய வார ரங்கநாதன் தெருதான். அங்கே போய் எதிர் ஃபிளாட் மாமியைச் சந்தித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. கிழக்கே இருக்கும் காலாபத்தர் கடற்கரைக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் ஒரு ஈ காக்கா இருக்காது. இதை நான் வவுச்சரின் அடியில் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். எத்தனை பேர் அந்த நேரத்துக்கு எழுந்து போகிறார்கள் என்று கேட்கக் கூடாது.

நீல் தீவில் இன்னொரு தகராறு. ஓதம் இறங்கும் நேரத்தில் போனால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும்தான் தெரியும். "போட்டோல இருந்த தண்ணி எங்க மேடம்?" என்று வீடியோ கால் வரும். ஓதம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அந்த அட்டவணையைப் பார்க்காமல் நான் நீல் தீவுக்கு ஃபெர்ரி போடுவதில்லை. முகூர்த்த காலண்டரில் பௌர்ணமி போட்டிருப்பது இதற்கு மட்டும் உதவுகிறது.

முன்பெல்லாம் கிளம்புகிற அன்று மாப்பிள்ளை தனியாகப் போன் செய்து ஒரு வேண்டுகோள் வைப்பார். "வீட்ல இருந்து கேட்டா, அங்க டவரே கிடைக்காதுன்னு சொல்லிடுங்க மேடம்." அது பெரிய பொய்யும் இல்லை. தீவுகளில் செயற்கைக்கோள் வழியாகத்தான் இணைப்பு வந்தது, ஒரு போட்டோ அனுப்ப அரை நாள் ஆகும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கண்ணாடியிழைக் கேபிள் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர், ஹேவ்லாக்குக்கும் இணைப்பு உண்டு. தீவில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். எங்கள் அங்கத்திய டிரைவர்கள் பிள்ளைகளின் ஆன்லைன் பரீட்சைக்குப் பட்ட பாட்டைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தேனிலவுக்காரர்களுக்குச் சென்னையே பின்னால் நீந்தி வந்துவிட்டது. கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போது "குக்கர் கேஸ்கெட் எங்க வச்சே?" என்று வீடியோ கால் வருகிறதாம். நானும் யோக்கியம் இல்லை. ஃபெர்ரி நேரம் மாறினால், வண்டி எண் மாறினால், நான்தான் அவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நாட்களில் அவர்களோடு அதிகம் பேசும் மூன்றாவது ஆள் நான்தான்.

கேபிள் வருவதற்கு முன்பு, 2016 டிசம்பர் மாதத்து முதல் வாரத்தை மறக்க முடியாது. ரூபாய் நோட்டு செல்லாமல் போய் ஒரு மாதம்கூட முடியவில்லை. டிசம்பர் 5 இரவு முதல்வர் ஜெயலலிதா காலமானார், மறுநாள் நகரமே அடைத்துக்கிடந்தது. அதே நேரத்தில் அந்தமான் அருகே காற்றழுத்தம் வலுத்து, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் நாங்கள் அனுப்பிய ஒரு ஜோடியும் உண்டு. போன் போகவில்லை. பெண்ணின் அப்பா எங்கள் ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார், திட்டவில்லை, உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. கடற்படைக் கப்பல்கள் அவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டு சேர்த்தன. இருவரும் ஊர் திரும்பி மூச்சு விடுவதற்குள், 12-ஆம் தேதி அதே காற்று வர்தா புயலாகச் சென்னைக்கே வந்து, தெருத் தெருவாக மரங்களைச் சாய்த்துக் கரண்டைப் பிடுங்கிவிட்டது.

சில வாரம் கழித்து மிச்சப் பணம் வாங்க இருவரும் வந்தார்கள். கேன்டில் லைட் டின்னர், ஸ்கூபா, படுக்கையில் பூ அலங்காரம் எதுவும் நடக்கவில்லை. ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் மதுரைக் குடும்பம் ஒன்று, வங்காளிச் சமையல்காரர், இன்னும் சிலர் என்று எல்லோரும் ஒன்றாக இருந்தார்களாம். கையில் காசு இல்லாததால் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு சாதமும் பருப்பும் போட்டிருக்கிறார்கள். "தனியா இருக்கத்தான் போனோம், ஒரு நிமிஷம் தனியா இல்லை" என்றார் கணவர். அந்தப் பெண், "இவர் சீட்டுல ஏமாத்துவார்னு அங்கதான் தெரிஞ்சுது மேடம். மதுரை அங்கிள் கையும் களவுமாப் பிடிச்சார்" என்றாள். அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்ததைப் பார்த்தால், பேக்கேஜில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஸ்கூபா பணத்தை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டுதான் போனார்.

மாலத்தீவு வேறு கதை. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், தெரிந்தவர் வந்து நிற்க வழியே இல்லை. சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டும். சில ரிசார்ட்டுகள் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைத்துக்கொள்கின்றன. கேட்ட தனிமை முழுசாகக் கிடைக்கிறது. மூன்றாம் நாள் காலை எனக்குப் போன் வருகிறது. "மேடம், தீவைச் சுத்தியாச்சு, கால் மணி நேரம்தான் ஆச்சு. வேற என்ன இருக்கு?" வேறு ஒன்றும் இல்லை, அதற்குத்தான் அந்த விலை என்று சொல்ல வாய் வரும். ஸ்நார்கலிங் போங்கள் சார் என்பேன். 2024 ஜனவரியில் திடீரென்று எல்லோரும் லட்சத்தீவு கேட்டார்கள். பர்மிட், கொச்சி போய் அங்கிருந்து அகத்தித் தீவுக்கு விமானம், இருக்கிற கொஞ்சம் அறைகள் என்று சொல்லச் சொல்லப் பாதிப் பேர் அந்தமானுக்கே திரும்பிவிட்டார்கள்.

சமீபத்தில் ஒருவர் வந்தார், போஸ்டல் டிபார்ட்மென்டில் ஓய்வு பெற்றவர். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மனைவியும் அவரும் மட்டும் எங்கேயும் போனதில்லை, ஒருமுறை போக வேண்டும் என்றார். தரைத்தளத்தில் அறை, வெந்நீர், சைவச் சாப்பாடு, மெழுகுவத்தி எல்லாம் வேண்டாம். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க சமையல்கட்டு இருக்காதே?" இருக்காது என்றதும் சரி என்று தலையாட்டினார்.

இரண்டு நாளில் மகன் போன் செய்தார். வயசானவர்களைத் தனியாக அனுப்புவதா? அவர், அவர் மனைவி, தங்கை, மாப்பிள்ளை, குழந்தைகள் என்று டிக்கெட் எட்டாகிவிட்டது. பணம் அவர்தான் கட்டினார், நன்றாகவே கட்டினார். நல்ல பிள்ளைதான்.

பயணத்துக்கு முந்தைய வாரம் அந்த அம்மாவே போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, பசங்களுக்கு வேற பக்கத்துல ரூம் போட முடியுமா?" என்றார். கடலோரமாக இருந்த காட்டேஜை அவர்கள் இருவருக்கும் போட்டேன். மற்றவர்களுக்குத் தென்னந்தோப்பைத் தாண்டி ரோட்டுப் பக்கம். ஹேவ்லாக்கில் இறங்கிய கையோடு மகன் என்னை அழைத்தார், அப்பா அம்மா ரூம் ஏன் அவ்வளவு தள்ளி இருக்கிறது என்று.

சீசன் சார், அதுதான் கிடைத்தது என்றேன்.