கணவாயைத் தாண்டாத சோலைக்கிளி

கொடைக்கானலில் பாம்பே சோலை என்ற மலைக்காட்டுப் பக்கம் வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே போய் நின்றால் சோலைக்கிளி பாடுவதைக் கேட்கலாம். பேர்தான் கிளி, ஆனால் ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. கருநீல உடம்பு, வெள்ளை வயிறு, நீளமான கால்கள். ஓடையோரத்து ஈரச் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும். ஆள் அரவம் கேட்டால் மேலே பறக்காது. நாலு தத்துத் தத்திப் புதருக்குள் போய்விடும்.

ஊட்டிப் பக்கத்துச் சோலைகளிலும் இதே சாயலில் ஒன்று உண்டு. அதற்கு விலாவில் செம்பழுப்பு. முன்பு இரண்டையும் ஒரே இனமாகப் பல நூல்களில் எழுதியிருந்தார்கள். இரண்டு மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும்: மலைகள் இரு பக்கமும் ஒதுங்கிவிட, நடுவில் பனைமரமும் வயலும் ஓயாத காற்றும். குளிர்ந்த உச்சிச் சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல் மாதிரி.

இதை மரபணுவில் தேடிப் பார்த்தவர்கள் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் குழுவினர். வலை கட்டிப் பறவையைப் பிடிப்பார்கள், இறக்கை நரம்பிலிருந்து துளி ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். 2015இல் வெளியான ஆய்வில் 23 இனங்கள், 356 பறவைகள். அவற்றில் 10 இனங்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு வம்சம், தெற்கே ஒரு வம்சம் என்று பிரிந்திருந்தன. அந்தப் பத்திலும் சில, அதைவிடக் குறுகலான பள்ளத்தாக்குகளில் பிற்பாடு மறுபடியும் பிரிந்திருக்கின்றன. மற்ற இனங்களில் கணவாயால் அப்படி ஒரு பிரிவு தெரியவில்லை. எல்லாமே இறக்கை உள்ளவைதான். ஆனால் சோலையை விட்டு வெளியே வரத் துணியும் பறவைக்கும் துணியாத பறவைக்கும் கதை வேறாகிவிடுகிறது.

அப்புறம் 2017இல் சோலைக்கிளிகளைத் தனிப் பேரினமாகவே, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தனிக் கூட்டமாகவே அறிவித்தார்கள். நீலகிரியில் ஒன்று, பழனி-ஆனைமலையில் நம்முடையது, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. அதுவரை அறிவியலில் பெயரே இல்லாத இனம் அது! சிரிப்பான்கள் என்ற சோலைப் பறவைகளுக்கும் இதே கதைதான். வயநாட்டு பாணாசுர மலையிலும் அதை ஒட்டிய சில மலைகளிலும் இருக்கும் சிரிப்பான் உலகில் வேறெங்கும் கிடையாது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது பெயர் மாற்றம் இல்லை. ஒரே இனம் என்று நினைத்த காலத்தில், ஒரு மலையில் அழிந்தாலும் அடுத்த மலையில் இருக்கிறதே என்று தேற்றிக்கொள்ள முடிந்தது. இனி முடியாது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கும், இயற்கைக் காட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் போய்விட்டன. அந்த இடங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டிலும் பைனும் தைல மரமும் தோட்டங்களும் பிடித்துக்கொண்டன. மிச்சமிருக்கும் சோலைத் துண்டு ஒவ்வொன்றும் இந்தப் பறவைக்கு வேண்டும்.

இங்கே வருபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் அதன் பாட்டைப் போட்டு வெளியே இழுக்கப் பார்க்காதீர்கள். வேறு ஆண் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். சத்தம் போடாமல் சாலையோரம் நின்றாலே போதும், பார்க்கலாம்.