கேரக்டருக்கு ரெண்டு அங்க அடையாளம் போதும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை ஆளாக (அதுதான் கேரக்டர்) பேசியும் டைஸ் உருட்டியும் கதை ஆடுகிற விளையாட்டு. அதை விளையாடப் புதிதாக வருகிறவர்கள் தங்கள் கேரக்டரை அறிமுகப்படுத்தும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: "ஆறடி உயரம், பச்சைக் கண்ணு, தோள் வரைக்கும் வெள்ளி முடி, நல்ல கலர்." காசிமேட்டில் ஒரு வலைநூல் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடுகிற மேசையிலும் இதே கதைதான். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால், அந்தப் பச்சைக் கண் யாருடையது என்று ஒருத்தருக்கும் நினைவிருக்காது.

பாதிக் காரணம் கேரக்டரின் விவரங்களை எழுதுகிற ஷீட்டிலேயே இருக்கிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் கேரக்டர் ஷீட்டில் இரண்டாம் பக்கத்தின் மேலேயே ஆறு இடம் விட்டிருப்பார்கள்: வயது, உயரம், எடை, கண், தோல், முடி. இடம் இருந்தால் யாருக்கும் நிரப்பத்தான் தோன்றும். உயரத்தையும் எடையையும் டைஸ் உருட்டி முடிவு செய்ய ஒரு அட்டவணையும் உண்டு. மனிதர் என்றால் 4 அடி 8 அங்குலத்தோடு இரண்டு பத்துமுக டைஸில் விழுவதைக் கூட்ட வேண்டும். 13 விழுந்தால் 5 அடி 9 அங்குலம். எனக்கு அந்த அட்டவணை பிடிக்கும். ஆனால் 5 அடி 9-ஐ வைத்துக்கொண்டு ஆட்டத்தில் யாரும் எதுவும் செய்ய முடிவதில்லை.

ஒவ்வொரு கேரக்டருக்கும் வலிமை, அறிவு என்று ஆறு திறன்களுக்கு எண் உண்டு. அழகுக்கே மார்க் போட்டுப் பார்த்ததும் உண்டு. 1985-ல் வந்த 'அனெர்த்ட் ஆர்க்கானா' புத்தகத்தில் அந்த ஆறில் ஒன்றான கரிஸ்மாவிலிருந்து (ஆளை ஈர்க்கிற திறன்) அழகைத் தனியாகப் பிரித்து, 'கம்லினெஸ்' என்று ஏழாவதாக ஒரு எண் சேர்த்தார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பின் அடிப்படை விதிகளில் அது இல்லை. போனது நல்லதுதான். அழகு 16 என்று எழுதினவரிடம் முகம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், அவருக்கே தெரியாது.

நான் தண்டையார்பேட்டையில் லேடீஸ் டெய்லர். ஆள் உள்ளே வந்ததும் என் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து இடுப்பில் தூக்கியே பழகியவர்களுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கும். அளவு ஜாக்கெட்டை அப்படியே வைத்து வெட்டினால் அந்தப் பக்கம் கழுத்து நழுவும். அதற்குத் தகுந்த மாதிரி தோளில் கொஞ்சம் குறைத்து வெட்டுவேன். தலையில் மீன்கூடை சுமந்தவர்களின் கழுத்து வேறு மாதிரி நிமிர்ந்து நிற்கும். செய்த வேலை உடம்பில் எழுதியிருக்கிறது. கேரக்டருக்கும் அதைத்தான் கேட்கிறேன். பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில், டி.சி.யில் எல்லாம் 'அங்க அடையாளங்கள்' என்று இரண்டு வரி இருக்குமே, அந்த மாதிரி ரெண்டே ரெண்டு சொன்னால் போதும். ஒன்றாவது அந்த ஆள் செய்த வேலையிலிருந்தோ பட்ட அடியிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டைத் தம்பி ஒருவன் ஹாஃப்-ஆர்க் ஆடுகிறான், அதாவது பாதி மனிதன், பாதி ஆர்க் என்கிற முரட்டுக் கற்பனை இனம். அவன் தாத்தா பாக்ஸிங் ஆடியவர். இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று வீட்டில் எப்போதும் பேச்சு ஓடும். தன் ஹாஃப்-ஆர்க்குக்கு அவன் சொன்னது: "மூக்கு உடைஞ்சு இடது பக்கம் ஒட்டிக்கிச்சு. மூச்சு விட்டா விசில் மாதிரி சத்தம் வரும்." தந்தப்பல், பச்சைத் தோல் எதையும் அவன் சொல்லவில்லை. ரெண்டு வாரம் கழித்து ஒரு தானியக் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் எல்லோரும் ஒளிந்திருந்தார்கள். காவலாளி விளக்கோடு நுழைந்தான் என்று, கதையை நடத்துகிற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) ஆன நான் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று கை நீட்டி அவன் மூக்கைப் பொத்தினாள். அவனே சொன்னான்: "அக்கா, எனக்கு டிஸ்அட்வான்டேஜ் போடுங்க, விசில் வரும்ல." டிஸ்அட்வான்டேஜ் என்றால் இரண்டு இருபதுமுக டைஸ் உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். 17-ம் 4-ம் விழுந்தது, 4-ஐ எடுத்துக்கொண்டான். மாட்டிக்கொண்டார்கள். அந்த மூக்கை இன்று வரை எங்கள் மேசையில் யாரும் மறக்கவில்லை.

தோல் நிறத்தைப் பற்றி எனக்கு அழுத்தமாகவே ஒரு கருத்து உண்டு. என் அக்கா மகள் முதல் தடவை ஒரு எல்ஃப் (கூர்க்காது உள்ள கற்பனை இனம்) பூசாரியை உருவாக்கும்போது, "எல்ஃப்னா வெள்ளையாத்தானே சித்தி இருக்கணும்?" என்றாள். ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தையே திறந்து காட்டினேன். மனிதர்களுக்கு என்னென்ன நிறம் உண்டோ அத்தனையும் எல்ஃபுக்கும் உண்டு, செம்பு நிறமும் வெண்கல நிறமும்கூட உண்டு என்றுதான் அதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் 'கருப்பு' என்று எழுதினாள். அதன் கீழே, 'முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பச்சை குத்தியிருக்கு, ஆயா கை மாதிரி' என்று சேர்த்தாள். அந்தப் பச்சையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மந்திரம் என்பது அவளாகவே கண்டுபிடித்தது. மந்திரம் போடும்போதெல்லாம் கையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள்.

தழும்பும் இப்படித்தான். கன்னத்தில் வெட்டுக்காயம் என்றால் அடியாள் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது, அதிலும் வடசென்னை ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவில் நான் பார்க்கிற தழும்புகள் மீன் வெட்டும் கத்தியிலும், கொதிக்கிற எண்ணெயிலும், வியாசர்பாடி கிரவுண்டில் ஃபுட்பால் ஆடி விழுந்ததிலும் வந்தவை. வில்லனுக்குத் தழும்பு வைக்கிற டிஎம் அதே அளவு தாராளமாக வைத்தியருக்கும் இளவரசிக்கும் வைக்க வேண்டும்.

டிஎம்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். "அவனைப் பார்த்ததும் உங்களுக்கு நடுங்குது" என்று சொல்லாதீர்கள். நடுங்குவதா சிரிப்பதா என்பது ஆடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொல்லுங்கள்: பேசும்போது கண் இமைக்கவில்லை, கையிலிருந்த தீக்குச்சி விரல் வரைக்கும் எரிந்தும் அவன் போடவில்லை. இன்னொன்று, அடுத்தவர் கேரக்டரின் உடம்பை நீங்கள் வர்ணிக்காதீர்கள். நான் முன்பு ஆடிய ஒரு குழுவில் பெண் கேரக்டர் யார் வந்தாலும் டிஎம் மார்பில் ஆரம்பித்து இடுப்பில் முடிப்பார். என் தோழி இரண்டாம் வாரமே வருவதை நிறுத்திக்கொண்டாள். நல்ல ஆட்டக்காரி. அவளை இழந்தது அந்த மேசைக்குத்தான் நஷ்டம். நான் நடத்தும் மேசையில் ஒவ்வொருவர் உடம்பைப் பற்றியும் அவரவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம்.

இப்போது ஷீட்டில் எடைக்கான இடத்தை அடித்துவிட்டு 'தூரத்திலிருந்து எப்படித் தெரிவார்?' என்று எழுதிக் கொடுக்கிறேன். கண்ணுக்கான இடத்தில் 'பக்கத்தில் வந்தால் என்ன தெரியும்?' என்று இருக்கும். உயரத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அக்கா மகளுக்கு டைஸ் உருட்டி உயரம் கண்டுபிடிப்பதில் அவ்வளவு ஆசை.