மாமாவுக்காக நேர்ந்த கிடா

2020 ஏப்ரலில் மாமனாரைப் பாரிசில் மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு 89 வயது. பெற்ற பிள்ளையைக்கூட உள்ளே விடாத நேரம் அது. "தாயே, மாமாவை நல்லபடியா வீட்டுக்கு அனுப்பி வை. வீரனுக்குக் கிடா வெட்டுறேன், உனக்குப் பட்டு சாத்துறேன்" என்று வேண்டிக்கொண்டேன். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. ஆனால் அன்றைக்கு என் மனதில் வந்து நின்றவள் மாமா பிறந்த குவாதலூப் தீவில் (கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு), கபெஸ்தேர் ஊரில், வாழைத்தோட்டத்துக்குள் இருக்கும் அவர்கள் குடும்பக் கோயில் மாரியம்மன்.

அனுப்பி வைத்தாள். மே மாதம் வீட்டுக்கு வந்தவர் 2024 வரை எங்களோடு இருந்தார். விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வேண்டுதல் பாக்கி நின்றது. "நான் இல்லாவிட்டாலும் நீ போய்ச் செய்துவிடம்மா" என்றார் மாமா. வருஷத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்து 2025-ல் கிளம்பினோம்.

குவாதலூப்புக்கு நம் ஜனங்களை ஏற்றிப்போன முதல் கப்பல் ஒரேலி, 1854 டிசம்பர் 24 அன்று கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு 1880-கள் முடியும்வரை, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து போனவர்கள் உட்பட, 42 ஆயிரம் பேர் அளவுக்குப் போயிருக்கிறார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புக் காடு. மாமாவின் முப்பாட்டனார் அப்படிப் போனவர்தான். மாமாவும் சிறுவயதில் கரும்பு வெட்டியவர். 1964-ல், தீவுக்காரர்களைப் பிரான்சுக்கு வேலைக்கு அழைத்துவந்த புமிடோம் என்ற அரசு அலுவலகம் கொடுத்த ஒருவழி டிக்கெட்டோடு பாரிஸ் வந்து, தபால் இலாகாவில் ராத்திரி ஷிப்டில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அடுக்கினார். தம்பி, தங்கை, ஒன்றுவிட்ட உறவு என்று அதன் பின் தீவிலிருந்து வந்த அத்தனை பேரும் முதலில் படுத்தது அவர் வீட்டுக் கூடத்தில்தான். இன்று பேரன் பேத்திகளோடு பெரிய கூட்டமாக இருக்கிறோம் என்றால் அது மாமா போட்ட பாய்.

ஆன்ரி சிதம்பரம் என்பவரின் பெயரை எடுத்தாலே மாமா எழுந்து உட்காருவார். அவரும் அதே கபெஸ்தேர்க்காரர். அங்கே பிறந்த இந்திய வம்சத்தாருக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-லிருந்து போராடி 1923-ல் ஜெயித்தவர். "அவர் இல்லையென்றால் எனக்கு சர்க்கார் உத்தியோகம் ஏது?" என்பார் மாமா. ஒவ்வொரு ஆவணி சதுர்த்தி சமயத்திலும் பாரிசின் லா ஷாப்பெல் பகுதியில் நடக்கும் மாணிக்கப் பிள்ளையார் தேருக்குப் போய், தேங்காய் சிதறும் தெருவில் கை கூப்பி நிற்பார். தமிழ் பேச வராது. அம்மன் பாட்டு மட்டும் முழுசாகத் தெரியும். அவருடைய அப்பா வாயிலிருந்து வந்தது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பாரிசிலிருந்து எட்டரை மணி நேரம் பறந்து இறங்கினால், அம்மனுக்கு எடுத்த காஞ்சிப் பட்டு இருந்த பெட்டி வரவில்லை. விமானக் கம்பெனிக்காரர்கள் ஒரு படிவத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தால், புடவை போன துக்கத்தில் நிற்கிற எங்களைச் சுற்றிக்கொண்டு டாக்சிக்காரர்கள் மூன்று பங்கு வாடகை சொல்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூஜை மறுநாள் காலை.

நாத்தனார்தான் சந்தைக்கு இழுத்துப்போனாள். அந்தத் தீவுப் பெண்கள் விசேஷத்துக்கு உடுத்துவது 'மத்ராஸ்' என்கிற கட்டம் போட்ட துணி. ஒரு காலத்தில் நம் சென்னைக் கரையிலிருந்து போனது. மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் போட்டதில் ஆறு கெஜம் வாங்கினோம். மனசு ஆறவில்லை. நேர்ந்தது பட்டல்லவா?

குடும்பக் கோயிலுக்குப் போகிற வழியில் ஷாங்ஜி என்ற இடத்து இந்துக் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். ரோட்டோரத்தில் கோபுரம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் பஸ் பஸ்ஸாக வரும் சுற்றுலாக்காரர்கள், சாமி கும்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறார்கள். ரெண்டு நிமிஷம் கண் மூட முடியவில்லை.

குடும்பக் கோயில் அப்படியில்லை. தகரக் கூரை, வேப்பமரம், சுற்றிலும் வாழை. தப்பு அடிக்க ஆரம்பித்ததும் உடம்பு சிலிர்த்தது. திரை விலகியபோது அம்மன் அந்தக் கட்டத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கொசுவம் மடித்து, வேப்பிலை மாலைக்குக் கீழே அந்த மஞ்சள் என்னமாய் எடுத்துக் கொடுத்தது! இந்த ஊர்ப் பெண்ணாக, இந்த ஊர்ச் சந்தைத் துணியில். அவள்தான் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், எனக்குச் சந்தேகமே இல்லை.

பூசாரி தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு, யார் பேருக்கு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மாமாவின் முழுப் பெயரையும் சொன்னார். முன்னால் இருப்பது பிரெஞ்சுப் பெயர். பின்னால் இருப்பது கப்பலேறி வந்த முப்பாட்டனார் பெயர், அங்கே எழுதிக்கொண்டதிலிருந்து அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. பூசாரி அந்தப் பெயரை உரக்கச் சொல்லி சூடத்தை மேலே தூக்கினார். மறுபடியும் சொன்னார். கரும்புக் காட்டில் செத்தவரும் பாரிசில் செத்தவரும் அந்த ஒரே கூப்பிடுதலில் அவள் முன்னால் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் அறுபது வயதில் தேம்பித் தேம்பி அழுதார். நான் என்ன வேண்டினேன் என்று எனக்கே நினைவில்லை. தாயே, தாயே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் மதுரை வீரனுக்குக் கிடா. ஒரே வெட்டு. அதையே கொலொம்போ என்று அங்கே சொல்லும் மசாலாக் குழம்பாக வைத்து வாழையிலையில் எல்லோருக்கும் போட்டோம். பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களும் வந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் அவள் மாரியம்மாதான், அவர்களும் நேர்ந்துகொள்கிறார்கள். மாமாவோடு பள்ளிக்கூடம் போன ஒரு பெரியவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கி, "அவன் எனக்குச் செருப்பு வாங்கி அனுப்பினவன்" என்றார். எங்களுக்கே தெரியாத கதை.

அம்மா, நாங்கள் கேட்டது அவர் வீடு திரும்ப வேண்டும் என்று மட்டும்தான். அதற்கு மேல் நாலு வருஷம் சேர்த்துக் கொடுத்தாய், கடைசிப் பேத்தி அவர் மடியில் உட்கார்ந்து சோறு தின்றாள். நாங்கள் பாரிஸ் திரும்பிய பிறகு பட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த தடவை கைப்பையில் கொண்டுவந்து சாத்துகிறேன் தாயே.